ராணியின் செருப்புக் காசு

மாதா துணை

தூத்துக்குடி

அன்புள்ள பாப்பாவுக்கு மாமா எழுதுவது,

உன் அம்மாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது. காலையில் கோயிலுக்கு நடந்தே போய் வருகிறாள். லீவில் லிஸ்பனுக்குப் போகப் போகிறாய், கையில் காசு கம்மி, முதுகில் ஒரு பை மட்டும்தான், "நீங்கள் கப்பலில் போனவர்தானே, என்ன பார்க்கலாம் என்று எழுதுங்கள் மாமா" என்று கேட்டிருந்தாய். பட்டியல் வேண்டுமென்றால் போனில் தேடினாலே நூறு கிடைக்கும். ஆனால் அதில் ஒன்றுகூட முத்துக்குளித்துறையில் பிறந்த பிள்ளைக்கென்று எழுதியதாக இருக்காது. அதனால் இதை நீளமாகவே எழுதுகிறேன். படிக்க நேரமில்லை என்றால் மடித்து வைத்துக்கொண்டு விமானத்தில் படி. அம்மா இதைப் படம் பிடித்து அனுப்புவாள்.

லிஸ்பன் பணக்காரர்களின் ஊராகக் கட்டப்பட்டது. அந்தப் பணத்தில் கொஞ்சம் நம் கடலுக்கு அடியிலிருந்து போனது. அங்கே எதைப் பார்த்தாலும் இது நினைவில் இருக்கட்டும். சுற்றுலாக்காரர்கள் அண்ணாந்து வியந்துவிட்டுப் போவார்கள். நீ கணக்குக் கேட்கிற உரிமையோடு பார். கோபத்தோடு பார் என்று சொல்லவில்லை. நம் கோயில், நம் பெயர்கள், நம் அச்செழுத்து எல்லாமே அந்த ஊரோடு முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. ஒரு பங்குக்காரி தன் பழைய கூட்டுக் கடையைப் பார்க்கப் போகிற மாதிரி போ.

முதலில் காசு விஷயம். ரயில், டிராம், மெட்ரோ, படகு எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை. அட்டையின் விலை ஐம்பது சென்ட். அதில் பணம் ஏற்றிக்கொண்டு குறையக் குறைய மறுபடி ஏற்றலாம். இருபத்தெட்டாம் நம்பர் டிராம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் நிற்கக்கூட இடம் இருக்காது, பையில் கை விடுகிறவர்களும் அதிகம். அது போகும் தடத்திலேயே நடந்து போ. ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும், ஆனால் வழியில் உள்ள ஒவ்வொரு மேட்டிலும் நகரத்தைப் பார்க்கிற திண்ணை ஒன்று உண்டு. சாந்தா லூசியா, கிராசா, செனோரா தோ மோந்தே, எல்லாம் இலவசம். நடைபாதை முழுக்க வழுவழுத்த வெள்ளைக் கல் பாவியிருக்கும். மழை பெய்தால் எண்ணெய் கொட்டினதுபோல் வழுக்கும். பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொள்.

தங்குவதற்குப் பெண்களுக்கு மட்டும் என்று அறை வைத்திருக்கிற ஹாஸ்டல்கள் உண்டு. மார்டிம் மோனிஸ் சதுக்கத்துப் பக்கம், மொரரியா என்ற பழைய பேட்டையில் பார். வங்காளதேசத்தாரும் நேபாளிகளும் கடை போட்டிருக்கிறார்கள். அரிசி, பருப்பு, பச்சை மிளகாய் கிடைக்கும். ஹாஸ்டல் அடுப்பில் நீயே பொங்கிச் சாப்பிடலாம். மத்தியானம் வெளியே சாப்பிட்டால் சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் "அன்றைய சாப்பாடு" என்று எழுதி வைத்திருப்பதைக் கேள். உட்கார்ந்ததும் ரொட்டி, ஒலிவக்காய், பாலாடைக்கட்டி எல்லாம் கேட்காமலே வைப்பார்கள். தொட்டால் காசு. வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். கீரையும் உருளைக்கிழங்கும் போட்ட ஒரு சூப் உண்டு, கால்து வெர்தே என்பார்கள். அதோடு ரொட்டி இருந்தால் வயிறு நிறைந்துவிடும்.

ஆற்றில் ஒரு முறை போ. கப்பல்காரன் சொல்கிறேன், அந்த ஊரைத் தரையிலிருந்து மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். காயிஸ் தோ சொத்ரே படகுத்துறையிலிருந்து அக்கரையில் இருக்கிற கசிலாஷுக்குப் படகு விடுகிறார்கள். அது வேலைக்குப் போகிற சனங்களின் படகு, கட்டணமும் கொஞ்சம்தான், பத்து நிமிஷப் பயணம். திரும்பி வரும்போது முன்பக்கம் நின்றுகொள். தேஜோ ஆற்றங்கரையில் வெள்ளையும் மஞ்சளுமாக ஊர் மேலே மேலே அடுக்கிக்கொண்டு ஏறும். நம் ஆட்கள் முதன்முதலாக அந்த ஊரைப் பார்த்ததும் தண்ணீரிலிருந்துதான்.

ஆம், நம் ஆட்கள். அதற்குத்தான் வருகிறேன்.

மறுநாள் காலையில் அதே துறைக்குப் பக்கத்திலிருந்து ரயில் ஏறி பெலேமில் இறங்கு. 1541 ஏப்ரல் 7 அன்று புனித பிரான்சிஸ் சவேரியார் கப்பல் ஏறியது அங்கேதான். அன்று அவருக்கு முப்பத்தைந்தாவது பிறந்தநாள். அதே கப்பலில் கவர்னராக வந்தவர் மார்டிம் அபோன்சோ தெ சோசா. 1538-இல் நம் வேதாளைக் கடலில் கோழிக்கோட்டு ராஜா சாமூதிரியின் படகுப் படையை முறியடித்தவர் அவர்தான். சாமியாரும் படைத்தலைவரும் ஒரே கப்பலில் வந்தார்கள். நம் கரையின் கதை அதிலிருந்தே அப்படித்தான் இருக்கிறது. ஒன்றைப் பிரித்து இன்னொன்றைச் சொல்ல முடியாது. சவேரியார் மறு வருஷம் மே மாதம் கோவாவுக்கு வந்து, 1542 அக்டோபரில் நம் கரைக்கு வந்து சேர்ந்தார்.

அதற்கு முன்னாலேயே பேரம் முடிந்திருந்தது. 1530-களில் முத்துச் சலாபத்தின், அதாவது முத்துக்குளிப்பின், மேல் யாருக்கு உரிமை என்று நம் பரவருக்கும் காயல்பட்டினத்து முஸ்லிம் வியாபாரிகளுக்கும் தகராறு முற்றியது. இரண்டு பக்கத்துக்கும் அது சோற்றுப் பிரச்சினை. அந்த நேரத்தில் ஜோவாம் தா குரூஸ் என்று ஒருவர் வந்தார். கோழிக்கோட்டுக்காரர், சாமூதிரியால் போர்ச்சுகலுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே கிறிஸ்தவரானவர். அவர் சொன்ன யோசனையைக் கேட்டு நம் ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிமார் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரிடம் பேசினார்கள். ஞானஸ்நானம் பெற்றுக்கொள்கிறோம், கடலில் எங்களுக்குக் காவல் கொடுங்கள் என்பது பேச்சு. இருபதாயிரம் பேர் வரை வேதத்தில் சேர்ந்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பயத்தில் சேர்ந்தார்கள் என்று சிலர் சொல்வார்கள், ஆசையில் சேர்ந்தார்கள் என்று சிலர். தங்கள் கடலைக் காப்பாற்ற ஒரு தலைமுறை செய்த அரசியல் அது என்பது என் எண்ணம். அதற்காக நான் வெட்கப்படவில்லை. நீயும் படவேண்டாம்.

இனி ஜெரோனிமோஸ் மடம். பெலேமில் இறங்கினதும் தானாகவே கண்ணில் படும், அவ்வளவு பெரிது. 1500-களின் தொடக்கத்தில் மனுவேல் ராஜா கட்ட ஆரம்பித்தது. கீழ்த்திசை வியாபாரத்தில் வந்ததில் நூற்றுக்கு ஐந்து என்று வரி போட்டு, அந்தக் காசில் கட்டினார்கள். உள்முற்றத்தைப் பார்க்கச் சீட்டு வாங்க வேண்டும், விலையும் கூடுதல். நான் போன காலங்களில் கோயிலுக்குள் மட்டும் போகக் காசு இல்லை. உனக்குக் கோயில் போதும்.

நுழைந்ததும் வாஸ்கோ தா காமாவின் கல்லறை. அதைச் சுற்றிக் கூட்டமாக நிற்பார்கள். அவர் 1524 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நம் கொச்சியில் இறந்தவர். எலும்புகளை இந்த இடத்துக்குக் கொண்டுவந்தது 1880-இல்தான். பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடாதே. நேரே பீடத்துப் பக்கம் போ. அங்கே இரண்டு பக்கச் சுவர்களிலும் ராஜா ராணிகளின் கல்லறைப் பெட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றையும் சலவைக்கல் யானைகள் முதுகில் தாங்கிக்கொண்டு நிற்கும். தந்தம்கூட வைத்திருக்கிறார்கள். நம் ஊர் யானை ராஜாவைச் சுமந்துகொண்டு நானூற்றைம்பது வருஷமாக அங்கே நிற்கிறது. அதில் மூன்றாம் ஜோவாம் ராஜாவையும் அவர் மனைவி கத்தரினாள் ராணியையும் தேடிக் கண்டுபிடி. அந்தப் பீடப் பகுதியைக் கட்டச் சொன்னதே அந்த ராணிதான்.

அவளுக்கும் நமக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நம் கரையிலிருந்து போர்ச்சுகீசியருக்குப் போன வரியில் வருஷத்துக்கு 4,000 பணம் ராணியின் செருப்புச் செலவுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. பணம் என்றால் அந்தக் காலத்துச் சின்னப் பொன்காசு. யோசித்துப் பார் பாப்பா. காலால் கல்லைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, முத்துப் பாரில் இறங்கிச் சிப்பியை வாரிக்கொண்டு மேலே வருவார்கள். மேலே வந்ததும் சிலருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம் வரும் என்று உன் பூட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த மூச்சிலிருந்துதான் ராணியின் செருப்புக்குக் காசு போனது.

சவேரியார் அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டார். மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் ஊர் ஊராக மணியடித்துக்கொண்டு பிள்ளைகளைச் சேர்த்து, உள்ளூர்க்காரர்கள் தமிழில் மாற்றிக் கொடுத்த செபங்களை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர். தான் அடுத்த ஊருக்குப் போனபின் யார் சொல்லிக்கொடுப்பார்கள்? அதற்குக் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். அவர்களுக்குச் சம்பளம் வேண்டும். செருப்புக் காசை எனக்கு விட்டுக்கொடுங்கள், மோட்சத்துக்கு ஏற இந்தக் கரையின் பிள்ளைகளைவிட நல்ல செருப்பு உங்களுக்குக் கிடைக்காது என்கிற கருத்தில் ராணிக்கு எழுதினார். ராணியும் சம்மதித்தாள். அந்தக் காசு திரும்ப நம் கரைக்கே வந்தது.

இந்தக் கதையை நான் கோயிலில் கேட்டபோது சவேரியாரின் சாமர்த்தியம் என்றுதான் சொன்னார்கள். அந்த யானைகளுக்கு முன்னால் நின்றபோது எனக்கு வேறொன்று தோன்றியது. அந்தக் காசு யாரும் தந்த தர்மம் அல்ல. நம்முடையதுதான், பல ஆயிரம் மைல் போய் ஒரு ராணியின் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது. ராணியைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, விட்டுக்கொடுத்தாளே. ஆனால் அவளுடைய கல்லறைக்கு முன்னால் முழங்காலில் நின்று நான் செபித்தது முத்துக்கு முங்கினவர்களுக்காக. உனக்கு நம்பிக்கை எப்படியோ, ஒரு நிமிஷம் அங்கே நில்.

இனி நான் உன்னிடம் கேட்கப்போகிற காரியம். அதே மடத்துக் கட்டடத்தின் மேற்கு இறக்கையில் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. ரோமர் காலத்துக் கற்கள், பொன் நகைகள் என்று அவர்கள் நாட்டுப் பழம்பொருள்களுக்கானது. அதன் வசம் ஒரு சின்னப் புத்தகம் உண்டு. 1554 பிப்ரவரி 11 அன்று லிஸ்பனில், ஜெர்மாவோ கல்யார்த் என்பவரின் அச்சுக்கூடத்தில், மூன்றாம் ஜோவாம் ராஜாவின் உத்தரவில் அச்சானது. செபங்களும் மறையுண்மைகளும் அடங்கிய கார்த்தில்யா. தமிழ்தான், ஆனால் ரோமன் எழுத்தில். ஊடே போர்ச்சுகீசிய அர்த்தம். கறுப்பும் சிவப்புமாக மை. தமிழ் மொழி முதன்முதலில் அச்சேறியது அதில்தான். கொல்லத்தில் 1578-இல் தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கத்துக்கு இருபத்து நான்கு வருஷம் முந்தியது. உலகத்தில் அதற்கு ஒரே ஒரு பிரதிதான் மிஞ்சியிருக்கிறது.

அதைச் செய்தவர்கள் மூன்று தமிழர்கள். வின்செந்தே தெ நசரேத், ஜோர்ஜே கர்வாலோ, தொமே தா குரூஸ். பெயரைக் கேட்டால் வெள்ளைக்காரர் மாதிரி இருக்கும். நம் தெருவில் கொறைராவும் மொத்தாவும் ரொட்ரிகோவும் பர்னாந்தும் இல்லையா? அப்படித்தான் இவர்களும். அந்த ஊர்க் குளிரில், இதே ஆற்றங்கரையில், நம் பேச்சைத் துண்டு துண்டாகச் சொல்லி, அந்நிய எழுத்தில் கோத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் வைத்திருக்கிறார்கள். லிஸ்பனில் இறங்கிய முதல் முதுகுப் பைக்காரி நீ இல்லை பாப்பா.

1950-களில் தனிநாயகம் அடிகள் அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழ் உலகத்துக்குத் தெரிவித்தார். அவர் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைக்காரர் என்றாலும் நம் ஊருக்கும் உரியவர். 1948-இல் தமிழ் இலக்கியக் கழகத்தைத் தொடங்கியது இங்கே தூத்துக்குடியில்தான். அவர் எழுதியதைப் படித்த வாத்தியார் ஒருவர் எங்களுக்கு அந்தக் கதையைச் சொன்னார். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு அந்தப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. கப்பல் சமையல்காரன் கையில் ஷோர் பாஸை வைத்துக்கொண்டு போய்க் கேட்டால் அதை எடுத்துக் காட்ட மாட்டார்கள். அது கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற பொருளும் இல்லை, உள்ளே நூலகத்தில் பத்திரமாக இருக்கிற பொருள். நீ பல்கலைக்கழக மாணவி. உனக்கு அடையாள அட்டை இருக்கிறது, எழுதிக் கேட்க ஒரு பேராசிரியர் இருக்கிறார். அருங்காட்சியகத்தைப் பழுதுபார்ப்புக்காக 2022-இல் மூடினார்கள். அதனால் நேரில் போய் நின்றுகொண்டு ஏமாறாதே. இப்போதே மின்னஞ்சல் போடு. எங்கே வைத்திருக்கிறார்கள், எப்போது பார்க்கலாம் என்று கேள்.

பெலேமில் இன்னொன்றும் இருக்கிறது. ஆற்றோரத்தில் கப்பல் முனை மாதிரி ஒரு பெரிய கான்கிரீட் நினைவுச்சின்னம், 1960-இல் கட்டியது. முப்பத்து மூன்று பேர் சிலைகளாக வரிசையில் நிற்பார்கள். வாஸ்கோ தா காமா இருப்பார், சவேரியாரும் இருப்பார். வழிகாட்டின மாலுமியோ, கப்பல் நிறைய மிளகு விளைத்தவரோ, முத்து எடுத்தவரோ நம் பக்கத்தில் ஒருவரும் இல்லை. மேலே ஏறக் காசு வாங்குவார்கள், ஏறாதே. அதைக் கட்டின மறு வருஷம், 1961-இல், கோவா அவர்கள் கையைவிட்டுப் போனது. தூத்துக்குடியில் கடைசியாகச் சலாபம் நடந்ததும் அதே 1961-இல்தான். அதற்குப் பிறகு பாரில் சிப்பி அப்படி விளையவில்லை. நம் ஊரில் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973-இல் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். அது பெரிய சாதனைதான். ஆனால் ஊரே கரையில் கூடிச் சிப்பிக் குவியலை ஏலம் கேட்ட காலம் திரும்பவில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த வாடையை வீடுகளில் பேசக் கேட்டிருக்கிறேன். உன் தலைமுறைக்கு அந்தப் பேச்சுகூட இல்லை. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஊருக்குள் திரும்பினால் ரோசியோ சதுக்கத்துப் பக்கம் சாந்து தோமிங்கோஸ் கோயிலுக்குப் போ. காசு கிடையாது. 1959-இல் தீப்பிடித்த கோயில். தூண்கள் வெடித்து, கல் சிவந்து, அப்படியே விட்டிருக்கிறார்கள். நான் பார்த்த கோயில்களில் என் மனசை அழுத்தியது அதுதான். 1506-இல் அங்கே தொடங்கின கலகத்தில் புதுக் கிறிஸ்தவர்களை, அதாவது வற்புறுத்தி ஞானஸ்நானம் கொடுக்கப்பட்ட யூதர்களை, ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். வெளியே சதுக்கத்தில் அதற்கு ஒரு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்கும்போது அன்றீக் அடிகளை நினைத்துக்கொள். என்றீகே என்றீக்கஸ், 1520-இல் விலா விசோசாவில் பிறந்தவர். யூத வழியில் வந்த குடும்பம் என்பதாலேயே பிரான்சிஸ்கு சபையார் அவரை வெளியே அனுப்பினார்கள். இயேசு சபையார் சேர்த்துக்கொண்டார்கள். தன் நாட்டில் ரத்தத்தைக் குறை சொல்லி ஒதுக்கப்பட்டவர் நம் கரைக்கு வந்து, ஐம்பது வருஷத்துக்கு மேல் இங்கேயே இருந்து, தமிழை இலக்கணத்தோடு படித்து, தமிழ் எழுத்தை அச்சில் ஏற்றினார். தம்பிரான் வணக்கம் அவருடையதுதான். 1600-இல் இறந்தபோது தூத்துக்குடியில் அடக்கம் செய்தார்கள். நம்மை மதித்து நம் மொழியைப் படித்தவர்களில் அவரை முதல் இடத்தில் வைப்பேன், சவேரியாருக்கும் மேலே. சவேரியார் மூன்று நான்கு செபங்களை மனப்பாடம் செய்துகொண்டு ஓடினார். அவருக்குப் போக வேண்டிய தேசங்கள் அதிகம். அன்றீக் அடிகள் நின்றார்.

அவர் போர்ச்சுகீசியருக்காக எழுதின தமிழ் இலக்கணத்தின் கையெழுத்துப் படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. என்ட்ரகாம்போஸ் மெட்ரோவில் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். அதையும் எழுதிக் கேட்டுப் பார். கொடுக்காவிட்டாலும் கட்டடத்தையாவது பார்த்துவிட்டு வா.

உவரிக்கு நாம் செவ்வாய்க்கிழமை வேண்டுதலுக்குப் போவோமே, அந்த அந்தோனியார் பிறந்த ஊரும் லிஸ்பன்தான். பதுவை அந்தோனியார் என்றே கேட்டு வளர்ந்ததால் இத்தாலிக்காரர் என்று நினைத்துக்கொண்டிருப்போம். பேராலயத்துக்குக் கீழே தெருவோரத்தில் ஒரு சின்னக் கோயில், அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில் கட்டியது. படி இறங்கினால் நிலவறை. 1755 பூகம்பத்தில் மேலே இருந்த கோயில் இடிந்துபோனபின், ஊர்ப் பிள்ளைகள் "அந்தோனியாருக்கு ஒரு காசு" என்று தெருத்தெருவாகக் கேட்டுச் சேர்த்த பணமும் திரும்பக் கட்ட உதவியது என்பார்கள். உவரியில் இருக்கிற சுரூபத்தைப் போர்ச்சுகல் கப்பல் ஒன்றின் தச்சர் செய்தார், கொள்ளைநோயில் கிடந்த கப்பல்காரர்கள் அதனால் பிழைத்தார்கள் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அந்த நிலவறையில் எனக்காக ஒரு மெழுகுதிரி ஏற்று. காசை உண்டியலில் போட மறக்காதே.

அந்தப் பூகம்பம் சகல புனிதர் திருநாளன்று காலையில் வந்தது. ஆடினது, கடல் ஏறினது, பிறகு தீ. ஆற்றங்கரையில் இருந்த அரண்மனையும் கீழ்த்திசை வியாபாரத்தையெல்லாம் நடத்தின இந்தியா மாளிகையும் அதன் ஏடுகளும் போய்விட்டன. இப்போது அந்த இடம் பெரிய வெற்றுச் சதுக்கம். நம் கரைக் கணக்கில் எவ்வளவு அதில் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்குத் தாங்காது.

சவேரியாருடைய வாழ்க்கையை ஓவியமாகப் பார்க்க வேண்டுமென்றால் சாந்து ரோக்கே கோயில். வெளியே சுண்ணாம்புச் சுவர் போல வெறுமையாக இருக்கும், உள்ளே பொன்னாகக் கொட்டிக் கிடக்கும். சாமியார்கள் உடை மாற்றும் அறையான சக்ரிஸ்தியில் அந்த்ரே ரெய்னோசோ என்பவர் 1619 வாக்கில் வரைந்த இருபது படங்கள் இருக்கின்றன. அவ்வளவுதான் சொல்வேன், நீயே பார்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று. பெலேமில் 1837-லிருந்து முட்டைப் பாலாடை வைத்த சின்னப் பணியாரம் விற்கிற கடை இருக்கிறது. மடத்துச் சாமியார்களின் பக்குவம் என்பார்கள். அந்த ஊர் மடங்களில் முட்டையின் வெள்ளைக்கருவைத் துணிக்குக் கஞ்சி போடவும் திராட்சரசத்தைத் தெளியவைக்கவும் எடுத்துவிடுவார்களாம். மிஞ்சின மஞ்சள் கருவில்தான் அவர்கள் பலகாரமெல்லாம். நம் தூத்துக்குடி மக்ரூனை நினைத்துப் பார். வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு, அவ்வளவுதான். அந்த முந்திரியே போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. கப்பல் சமையலறையில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு இந்தப் பொருத்தம் ஒரு பெரிய சந்தோஷம். ஒரு பணியாரம் வாங்கி, மேலே பட்டைத்தூள் தூவி, சூட்டோடு சாப்பிடு. இதற்கு மட்டும் காசு பார்க்காதே. அர்செனால் தெருவில் உப்புப் போட்டுக் காயவைத்த பகல்யாவு மீன் கடைகள் உண்டு. வாசனையே உன்னை வீட்டுக்கு அழைத்துவிடும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றித்தான் சமைப்பார்கள். ஹாஸ்டலில் அந்த வேலை வேண்டாம்.

ஊருக்கு வரும்போது நாம் இரண்டு பேரும் இதே மாதிரி பையை மாட்டிக்கொண்டு நம் கரையில் நடக்கலாம். பனிமய மாதா கோயிலிலிருந்து டச்சுக்காரர்கள் 1750-இல் கட்டின கோயில் வரை பீச் ரோட்டில் நடை. போர்ச்சுகீசியரிடமிருந்து 1658-இல் ஊரைப் பிடித்தவர்கள் டச்சுக்காரர்கள், 1825-இல் இங்கிலீஷ்காரர்களிடம் விட்டுப் போனார்கள். பிறகு பஸ் ஏறிப் புன்னைக்காயல், மணப்பாடு. சவேரியார் தங்கின குகையில் அலை அடிக்கிற சத்தம் கேட்கும். போக வரச் செலவு, லிஸ்பனில் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆகிறதைவிடக் குறைவு.

உன் அம்மாவின் கணக்கு வழியாகக் கொஞ்சம் பணம் அனுப்பியிருக்கிறேன். மறுக்காதே. அது அந்தப் புத்தகத்துக்காக அலைகிற செலவுக்கு. மின்னஞ்சலுக்குப் பதில் வந்தால் உடனே தெரிவி. பார்க்க அனுமதித்தால், படம் எடுக்க விடுவார்களா என்று கேள். விடாவிட்டால் ஒரு பக்கத்தையாவது பென்சிலால் அப்படியே எழுதி வா, ரோமன் எழுத்திலேயே. நான் இங்கே வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன். 1554-இல் நம் ஆட்கள் தமிழை எப்படிச் சொன்னார்கள், நம் கரைப் பேச்சு அதில் எங்கே நிற்கிறது என்று என் காதால் கேட்க வேண்டும்.

ராத்திரி தனியாக மேட்டுத் தெருக்களில் சுற்றாதே. பாஸ்போர்ட்டை உடம்போடு வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் மாமா